அங்கைத் திருப்பு

டாக்டர் அங்கயற்கண்ணி காலையில் கண்விழித்ததும் முதலில் பார்ப்பது தன் கைகளைத்தான். கட்டைவிரலின் நுனியை மற்ற விரல்களின் நுனியோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து, உணர்ச்சி மழுங்காமல் இருக்கிறதா என்று சோதித்துக்கொள்வாள். தேங்காய் உடைக்கமாட்டாள், வாளி தூக்கமாட்டாள், ஆவி பறக்கும் டம்ளரை இடக்கையால் மட்டுமே பிடிப்பாள். சப்பாத்திக்கு மாவு பிசைவதும் பலாச்சுளை பிரிப்பதும் அவள் கணவன் வழுதியின் பொறுப்பு. "உன் கை ஊர்ச்சொத்து அங்கை. அத மாவுக்குள்ள விடலாமா?" என்பான். நெடும்பெயரைச் சுருக்கி அவளை எல்லோரும் அங்கை என்றே அழைத்தனர். அச்சொல்லுக்கு உள்ளங்கை என்று பொருள். சுருக்கியவர்கள் அதை எண்ணிச் சுருக்கவில்லையெனினும், மதுரையில் அவளை அறிந்தவர்களுக்கு அப்பெயர் தற்செயலாகத் தோன்றவில்லை.

மனிதர் கையால் செய்யும் வேலைகள் அருகிவிட்ட காலம் அது. வண்டிகள் தாமே ஓடின. வயல்களில் நாற்று நட்டவை பொறிக்கரங்கள். அறுவைக்கூடங்களில் இதயத்தைத் திறந்து மூடியவையும் பொறிக்கரங்களே. வளர்ந்த ஒருவரின் உடலில் மருத்துவர் தம் கையால் கத்தி வைத்தால் அவர்மீது வழக்குத் தொடரலாம் என்ற நிலை. ஓரிடத்தில் மட்டும் மக்கள் பொறியை ஒப்பவில்லை. பிறப்புகள் மிகவும் குறைந்துபோயிருந்தமையால், பிறந்த ஒவ்வொரு குழந்தையும் ஒரு தெருவுக்கே பிறந்த குழந்தையாக இருந்தது. அதை முதலில் இரும்பு தொடுவதா என்று ஊர் ஊராக எதிர்ப்பு எழுந்தது. அதன் விளைவு முதற்றொடுகைச் சட்டம். தொப்புள்கொடி உதிரும்வரை, பெற்றோர் இசைந்தாலன்றி எந்தப் பொறியும் குழந்தையின் உடலுக்குள் நுழையலாகாது என்பது அதன் சாரம்.

அங்கயற்கண்ணி பணிபுரிந்த பச்சிளங்குழந்தை நலமனையில், அச்சட்டத்தின் பாரம் முழுவதும் ஒரு மெல்லிய குழலின்மேல் விழுந்தது. உயிருக்குப் போராடும் குழந்தையின் கைநரம்புகள் நூலினும் மெலியவை. வீரியமான மருந்தை அவை தாங்கா. ஆகவே, அறுத்த தொப்புள்கொடியில் திறந்திருக்கும் சிரையின் வழியே நுண்குழல் ஒன்றைச் செலுத்தி, ஈரலைக் கடந்து, இதயத்தின் வாயில்வரை கொண்டுசெல்ல வேண்டும். பெற்றோர் அதைக் கதீட்டர் என்றனர். ஈரலுக்குள் வழி பிரியும். நேர்வழியில் சென்றால் மருந்து இதயத்தை அடையும். கிளைவழியில் புகுந்தால் அதே மருந்து ஈரலைப் புண்ணாக்கும்.

அக்குழலைச் செலுத்துவதில் மனிதக் கை சிறந்ததா, பொறிக்கரம் சிறந்ததா என்று நாடெங்கும் நடத்திய ஒப்பீட்டுக்குத் துலை என்று பெயர். பெற்றோர் இசைந்தால் எவ்வழி என்பதைச் சீட்டுக் குலுக்கல் தீர்மானிக்கும், இசையாவிட்டால் கைவழிதான். கைவழியில் மருத்துவர் பதிவுறை என்னும் சாம்பல்நிறக் கையுறையை அணிந்தாக வேண்டும். விரலின் அசைவையும் அழுத்தத்தையும் அது குறித்துக்கொள்ளும். 'பதிவுறை பார்க்கும், செய்யாது' என்று சட்டத்தின் விளக்கவுரையிலேயே எழுதியிருந்தது. அதை உருவாக்கிய பொறியாளர்களுள் வழுதியும் ஒருவன். நலமனையின் தரைத்தளத்தில் இருந்த கையுறைக்கூடம் அவன் பொறுப்பில் இருந்தது.

துலையின் தீர்ப்பு முந்தைய ஆண்டில் வெளியாயிற்று. இரு வழிகளும் சமம் என்பதே அது. கைவழிக்கு அப்பெருமையை ஈட்டித் தந்தவள் அங்கயற்கண்ணி என்று பேசிக்கொண்டனர். குழல் ஈரலில் தடுக்கும் கணத்தில் அதை இம்மியளவு பின்னிழுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வலப்புறமாக உருட்டி, குழந்தை மூச்சை வெளியே விடும்போது முன்னே செலுத்துவாள். குழல் நேர்வழியில் வழுக்கிச் செல்லும். மருத்துவர்கள் அதற்கு அங்கைத் திருப்பு என்று பெயரிட்டனர். ஊர்ச்சனம் அவ்வளவு நீட்டவில்லை. கைராசி என்ற ஒரே சொல்லில் முடித்துக்கொண்டது.

தீர்ப்பைத் தொடர்ந்து, பொறிக்கரம் இல்லாத மலைப்பகுதி மருத்துவமனைகளிலும் கைவழி அனுமதிக்கப்பட்டது. ஒப்பீடு முடிந்துவிட்டதால் அங்கே பதிவுறை வேண்டியதில்லை, சாதாரண ரப்பர் உறையே போதும் என்று, ஒப்பீட்டை நடத்திய துலை மன்றம் முடிவு செய்தது. மலை மருத்துவர்கள் மதுரைக்கு வந்து திருப்பைக் கற்றுச் சென்றனர்.

அவர்களுள் ஒருத்தியான டாக்டர் ஃபௌசியா, சில மாதங்களுக்குப் பின் ஒரு காலையில் மறுபடியும் வந்தாள். அங்கயற்கண்ணி ஒரு குழந்தைக்குக் குழல் செலுத்துவதைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். குழல் வழக்கம்போல் முதல் முயற்சியிலேயே சேர்ந்தது. அங்கயற்கண்ணி வெளியே வந்ததும் ஃபௌசியா வணக்கம் சொல்லவும் மறந்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காதீங்க."

"கோவிச்சுக்கிற மாதிரி கேக்கப்போறியா?"

"நாங்களும் திருப்புறோம். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியேதான் திருப்புறோம். குழல் ஈரலுக்குள்ள போயிருது."

"எத்தன தடவ?"

"பாதிக்கு மேல. நான் மட்டுமில்ல மேடம், பக்கத்து மலையிலயும் இதே கதைதான். உங்ககிட்ட யாரு சொல்றதுன்னு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம்."

அங்கயற்கண்ணி சிரித்தாள். "கடைசியில நீ மாட்டிக்கிட்டியாக்கும்."

ஃபௌசியா சிரிக்கவில்லை. "முந்தியெல்லாம் நாங்க திருப்பமாட்டோம். வயித்து மேல ஒலிநோக்கிய வச்சு, ஸ்கேன்ல பாத்துக்கிட்டே மெதுவா நேரா விடுவோம். தடுத்துச்சுன்னா எடுத்துருவோம். வேற நரம்பு தேடுவோம். செரமந்தான், ஆனா இப்படி ஆனதில்ல. இப்பத் தடுத்தாலும் விடுறதில்ல, திருப்பினாப் போயிரும்னு ஒரு நம்பிக்க. போன மாசம் ஒரு பொண்ணோட புள்ளைக்கு நான் திருப்பினேன். கிளையில ஏறுனது தெரியல. மருந்தும் விட்டாச்சு. புள்ள தங்கல. அந்தப் பொண்ணு பேரு சொர்ணம். எங்கிட்ட ஒரு கேள்வி கேக்கல மேடம். மதுர டாக்டர்கிட்டப் படிச்சவங்க நீங்க, உங்களால ஆனதச் செஞ்சீங்கன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. அதத்தான் என்னால தாங்க முடியல."

"உன் விரல்ல ஏதோ தப்பு இருக்கணும், ஃபௌசியா." அது கடுமையாக ஒலித்ததை அங்கயற்கண்ணி தானே உணர்ந்தாள்.

"இருக்கட்டும். அதத் தெரிஞ்சுக்கிட்டுப் போகத்தான் வந்தேன். ஆனா இந்தச் சாம்பல் உறை உங்க விரல மறைக்குது. கட்ட விரல் எம்புட்டு உருளுதுன்னு தெரிய மாட்டேங்குது. உறை இல்லாம ஒரு தடவ செஞ்சு காட்டுங்க. பொம்மைக்குத்தான்."

நியாயமான வேண்டுகோளாகவே பட்டது. பயிற்சி அறையில், மென்மையான செயற்கைத் தோலால் ஆன பயிற்சிச் சிசு ஒன்று இருந்தது. அதன் உடலுக்குள் வெதுவெதுப்பான செந்நீர் ஓடும். மூச்சுக்கு ஏற்ப வயிறு ஏறி இறங்கும். குழல் செல்லும் வழியை மேலேயிருந்த திரை காட்டும். அங்கயற்கண்ணி கண்ணாடிபோன்ற மெல்லிய ரப்பர் உறையை அணிந்து, கொடித்தண்டைக் கால்பக்கமாகச் சற்றே சாய்த்துப் பிடித்து, குழலைச் செலுத்தினாள். தடுத்தது. இம்மியளவு பின்னிழுத்தாள்; உருட்டினாள்; மூச்சுக்குக் காத்து முன்னே விட்டாள். திரையில் குழலின் நுனி ஈரலின் இடக்கிளைக்குள் புகுந்து சுருண்டது.

"பொம்ம பழசாயிருச்சு" என்றாள். மறுபடியும் செய்தாள். மறுபடியும் கிளை. நாற்காலியின் உயரத்தை மாற்றிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, இதுவரை எந்தக் குழந்தைக்கும் காட்டாத பொறுமையோடு இன்னொரு முறையும் முயன்றாள். நுனி அதே இடத்தில் சுருண்டது. அருகில் நின்ற ஃபௌசியா திரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, மேசையின் விளிம்பைப் பார்க்கத் தொடங்கினாள்.

"உறை பழகிப்போன கை. வேறொண்ணுமில்ல" என்று சொல்லி, அங்கயற்கண்ணி தன் சாம்பல்நிறப் பதிவுறையை அணிந்தாள். செலுத்தினாள். குழல் தடுத்தது, உருண்டது, வழுக்கிக்கொண்டு இதயத்தின் வாயிலில் போய் நின்றது. திரையின் ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

பிறகு அங்கயற்கண்ணி குழலை முழுவதும் உருவி எடுத்தாள். வாழ்நாளில் என்றும் செய்யாத ஒன்றைச் செய்ய எண்ணினாள். வேண்டுமென்றே தவறாகச் செலுத்த முற்பட்டாள். குழல் தடுக்கும் இடத்தில் பின்னிழுக்காமல், இடப்புறமாக உருட்டி, குழந்தை மூச்சை இழுக்கும்போது அழுத்தினாள். அழுத்தினாள் என்பது அவள் எண்ணம். விரல் அழுத்தவில்லை. பச்சரிசியில் முதலெழுத்து எழுதும் பிள்ளையின் விரலைப் பிடித்து நடத்துவதுபோல, ஏதோ ஒன்று அவள் கட்டைவிரலைப் பையப் பிடித்து வலப்புறம் உருட்டியது. வலிக்கவில்லை. எதிர்பார்க்காதவருக்குத் தெரிந்திருக்கவும் செய்யாது, அவ்வளவு மென்மை. இன்னும் கடுமையாகத் தவறிழைக்க முயன்றாள். முடியவில்லை. பச்சை விளக்கு எரிந்தது.

"மேடம்" என்றாள் ஃபௌசியா.

"பாத்துட்டேன்" என்றாள் அங்கயற்கண்ணி.

கையுறைக்கூடத்தில் வழுதி கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தான். நண்பகலில் அவள் அங்கே வருவது வழக்கம். விதைப்பகுதியை நீக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி வைத்திருப்பான். அவள் உட்காரவில்லை.

"ஏங்க, பதிவுறை என்ன செய்யும்?"

"பதிவு செய்யும்." அவன் நிமிராமலே நகைத்தான். "இத்தன வருசம் மாட்டிக்கிட்டுத் திரிஞ்சுட்டு இன்னிக்கு வந்து கேக்குறதப் பாரு."

"வேற?"

கத்தி நின்றது. "யாரு என்ன சொன்னா?"

"ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. தப்பாப் போட்டுப் பாத்தேன். போட விடல."

வழுதி கத்தியைத் துணியில் துடைத்து ஓரமாக வைத்தான். மறுப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். மறுத்திருந்தால் அதைப் பற்றிக்கொண்டு இன்னும் சிறிது நேரம் நின்றிருக்கலாம். அவன் மறுக்கவில்லை.

"சட்டம் வந்த புதுசுல என்ன நடந்துச்சுன்னு உனக்கு ஞாபகமிருக்கா? பொறியத் தொட விடமாட்டேனுட்டாங்க சனங்க. டாக்டருங்க கையிலயோ பழக்கம் விட்டுப்போச்சு. குழல் ஈரலுக்கும் குடலுக்கும் போச்சு. உனக்குந்தான். நீ வீட்டுக்கு வந்து சோத்துல கை வைக்காம உக்காந்திருப்ப. கை தொட்டாப் போதும்னுதான சனங்க கேட்டாங்க? கை தொடட்டும், வேலையப் பொறி பாக்கட்டும்னு மன்றத்துல ரெண்டு மூணு பேரு முடிவு பண்ணினாங்க. உறைக்குள்ள வச்சோம். எல்லா உறையிலயும்."

"அப்பக் கைவழின்னு ஒண்ணு இல்லவே இல்ல."

"இல்ல."

"பொறியையும் பொறியையும் துலையில வச்சுச் சமம்னு சொல்லியிருக்கீங்க. அதுல எங்கையெழுத்து இருக்கு."

அவன் தட்டின் ஓரத்தில் சிந்தியிருந்த உப்பை விரலால் ஒதுக்கினான்.

"திருப்பு?" என்று கேட்டாள். அந்தச் சொல் தன் வாயிலிருந்து இவ்வளவு சிறியதாக வரும் என்று அவள் நினைத்ததில்லை.

"அங்கை, அத விட்டுரேன்."

"சொல்லுங்க."

"குழலோட நுனியில அழுத்தம் மாறுறத உறை உணரும். உணர்ந்த நொடியில தள்ளும். அப்படித் தள்ளையில விரல் கொஞ்சம் உருளும். அம்புட்டுத்தான். திருப்புறதால குழல் போகல. குழல் போகையில விரல் திரும்புது." அவன் கொய்யாத் துண்டு ஒன்றை எடுத்து, தின்னாமல் மீண்டும் தட்டில் வைத்தான். "நீ அத உன் விரலே கண்டுபிடிச்சதுன்னு நெனச்ச. ஒரு நாள் ஓடியாந்து எங்கிட்டச் சொன்ன, இப்படி உருட்டினாப் போகுதுங்கன்னு. அன்னிக்கு நீ சிரிச்ச சிரிப்ப நான் அதுக்கு முந்தியும் பாத்ததில்ல, பிந்தியும் பாத்ததில்ல. அந்த நேரத்துல எப்படிச் சொல்லுவேன்?"

"அந்த நேரத்துல வேணாம். அதுக்கப்பறம் எத்தன நேரம் இருந்துச்சு?"

அங்கயற்கண்ணிக்குத் தன் விரல்களைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஒரு நிழலின் அசைவைக் கற்று, அதற்குப் பெயர் சூட்டி, அதை மற்றவர்களுக்கும் கற்பித்திருக்கிறாள். மேடைகளில் விளக்கியிருக்கிறாள். நிழலைக் கற்றுச் சென்றவர்கள் மலைமீது, உறைக்குள் ஒன்றுமில்லாத வெறுங்கையால், உண்மையான குழந்தைகளின் ஈரலுக்குள் அதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

"மலைக்கு ரப்பர் உறை போதும்னு மன்றம் சொன்னப்ப நீங்க அந்தக் கூட்டத்துலதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

"வாயத் தெறந்தீங்களா?"

"தெறந்தா எல்லாத்தையும் சொல்ல வேண்டி வரும். உன் பேரு என்னாகும்? ஊரே உன் கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்குது."

"எம்பேரக் காப்பாத்தினீங்களா?"

"உன்னக் காப்பாத்தினேன்."

"ஃபௌசியா வந்திருக்கா. சொர்ணம்னு ஒரு பொண்ணாம். புள்ள தங்கலையாம்."

வழுதியின் முகம் மாறியது. அது நடிப்பன்று என்பதை அவள் அறிந்தாள். அறிந்தது ஆறுதலாக இல்லை. "இங்க பொழச்ச புள்ளைங்களையும் கொஞ்சம் நெனச்சுப் பாரு" என்றான் மெதுவாக. "எம்புட்டுப் புள்ளைங்க."

"நெனக்காம இல்ல. நீங்க பண்ணின வேலையிலதான் பொழச்சதுங்க. அத வெளியில சொல்லியிருந்தா மலையிலயும் பொழச்சிருக்கும்." சற்று நிறுத்தினாள். "இந்தக் கைக்கு ஒரு வேலையும் இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டே, வாளியத் தூக்காத, மாவுல கைய வைக்காதன்னு சொன்னீங்களே. அதுவும் ஊருக்காகப் போட்ட வேசமா?"

"இல்ல" என்றான். "அது எனக்காக. உன் கைய எனக்குப் பிடிக்கும்."

சினந்து பேசியிருந்தால் அவளால் எளிதில் வெளியேறியிருக்க முடியும். அவன் அன்பாகவே இருந்தான்; இத்தனை காலமும் அன்பாகவே இருந்துகொண்டு இதைச் செய்திருக்கிறான். எந்த வார்த்தையைப் பிடித்து இழுத்தால் இது அவிழும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் செவிலியின் குரல் அழைத்தது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த, மாதம் நிறையாத ஆண்குழந்தை. இரத்த அழுத்தம் சரிகிறது. உடனே கதீட்டர் வேண்டும். பெற்றோர் பொறிக்கு இசையவில்லை, டாக்டர் அங்கையைத்தான் கேட்கிறார்கள்.

வழுதி எழுந்து, சலவை செய்த பதிவுறை ஒன்றை உறைப்பெட்டியிலிருந்து எடுத்து நீட்டினான். "இதப் போட்டுக்கிட்டுப் போ. அந்தப் புள்ளைக்கு இதுதான் நல்லது, உனக்கே தெரியும். மத்தத வீட்டுல பேசுவோம்."

அவன் சொன்னது உண்மை. அந்த உறையை அணிந்தால் குழல் நேர்வழியில் செல்லும், குழந்தை பிழைக்கும், பெற்றோர் அவள் கையைத் தொட்டு வணங்குவர். அணியாமல் சென்றால் காலையில் பயிற்சிச் சிசுவுக்கு நேர்ந்தது இக்குழந்தைக்கும் நேரும். உண்மையைச் சொன்னால் பெற்றோர் பொறியையும் மறுக்கக்கூடும். மறுத்தால் சட்டப்படி வெறுங்கைதான் எஞ்சும். அவள் உறையை வாங்கிக்கொண்டாள். படியேறும்போது அதை அணியவில்லை, கையில் பிடித்திருந்தாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கார்மேகம் என்னும் இளைஞன் நின்றிருந்தான். அவன் மனைவி அழகுமீனா பேறு முடிந்த சோர்வோடு சக்கர நாற்காலியில் அமர்ந்து, கண்ணாடிக்கு அப்பால் இன்குபேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார்மேகம் அச்சத்தால் நிறுத்தாமல் பேசுகிற இயல்பினன்.

"டாக்டரம்மா, வந்துட்டீங்களா. இனிமே எங்களுக்குப் பயமில்ல. எங்க ஊருல உங்க கைராசிக்காக ஆட்டுக்குட்டிக்குக்கூட அங்கைன்னு பேரு வச்சிருக்காய்ங்க. அது போட்ட குட்டி ஒண்ணுகூடச் சாகலையாம்."

"தம்பி, உக்காருங்க. கொஞ்ச நேரந்தான் இருக்கு. நான் சொல்றத முழுசாக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க." அவள் உறையை அவனிடம் காட்டினாள். "இதுக்குள்ள ஒரு பொறி இருக்கு. இத்தன நாளும் இங்க குழல் போட்டது என் கை இல்ல, இந்தப் பொறிதான். எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுச்சு."

கார்மேகம் அவள் முகத்தையும் உறையையும் மாறிமாறிப் பார்த்தான். "வெளயாடாதீங்கம்மா."

"வெளயாடல."

"அப்ப ராசிங்கிறதெல்லாம்?"

"அப்படி ஒண்ணு இல்ல."

"எல்லாரையும் ஏமாத்தியிருக்கீங்க."

"ஏமாத்துதான் நடந்திருக்கு. என் கைய வச்சுத்தான்."

அவன் குரல் தாழ்ந்தது. தாழ்ந்ததால் இன்னும் கூர்மையாயிற்று. "சரி, இன்னிக்குத் தெரிஞ்சத நாளைக்குச் சொல்லியிருக்கலாமுல்ல? புள்ள உள்ள கெடக்கையில எங்ககிட்ட வந்து இதச் சொல்லி நீங்க என்னத்தச் சுமையெறக்குறீங்க?"

அக்கேள்வியில் இருந்த நியாயத்தை அவள் ஒதுக்கவில்லை. "போட்டதுக்கப்பறம் சொன்னா, உங்களால வேணாம்னு சொல்ல முடியாது. அதான் இப்பச் சொல்றேன்."

அதுவரை பேசாமல் இருந்த அழகுமீனா கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்தாள். "உங்க வெறுங்கையால போட்டா என்னாகும்?"

"ஈரலுக்குப் போயிரும். காலையில பொம்மைக்குப் போட்டுப் பாத்தேன்."

"அந்தப் பொறி போட்டா?"

"நேராப் போகும். போகும்னு நம்பித்தான் சொல்றேன். ஆனா இந்த உறைய மாட்டிக்கிட்டு நான் போடுற மாதிரி நிக்கமாட்டேன். பொறிக்கரமே போடட்டும், உங்களுக்குத் தெரிஞ்சே போடட்டும். நீங்க சரின்னாத்தான்."

"மீனா, அவசரப்படாத" என்றான் கார்மேகம். "மொதல்ல இரும்பு பட்டுச்சுன்னா நாளைக்கு ஊருல…"

"ஊரா உள்ள படுத்திருக்கு?" என்றாள் அழகுமீனா. அவள் அங்கயற்கண்ணியை நேராகப் பார்த்தாள். அப்பார்வையில் வெறுப்பு இல்லை; ஆனால் அவளையே வேண்டுமென்று கேட்டபோது இருந்த நம்பிக்கையும் இல்லை. "பொறியவே போடச் சொல்லுங்க."

"சரிம்மா. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

"வேணாம். நீங்க நிக்க வேணாம்."

அங்கயற்கண்ணி தலையசைத்தாள். செவிலியிடம் ஆணையைச் சொல்லிவிட்டு, கூடத்தின் மறுகோடிக்குச் சென்று சுவரோரம் நின்றாள். அங்கிருந்து இன்குபேட்டர் தெரியவில்லை. மேலேயிருந்த திரை மட்டும் தெரிந்தது. பொறிக்கரம் இறங்கிற்று. குழல் ஈரலில் தடுத்தது. நுனி சற்றே பின்வாங்கியது. வலப்புறமாக ஒரு சிறு உருளல். தன் பெயரைத் தாங்கிய அந்த அசைவை, எந்த விரலும் இல்லாமல், அவள் முதன்முறையாகப் பார்த்தாள். குழல் இதயத்தின் வாயிலில் நின்றது. மருந்து ஏறத் தொடங்கிச் சிறிது நேரத்தில் இரத்த அழுத்தத்தின் கோடு நிமிர்ந்தது. கார்மேகம் அழுதான். அழுது முடித்துச் செவிலிக்கு நன்றி சொன்னான். அங்கயற்கண்ணி நின்ற பக்கம் திரும்பவில்லை.

வழுதி வந்து அருகில் நின்றான். ஃபௌசியா சற்றுத் தள்ளி, தன் பையைத் தோளில் மாட்டியபடி காத்திருந்தாள்.

"அந்தப் பொண்ணு சம்மதிச்சிருச்சு. நல்ல வேள" என்றான் வழுதி. "எல்லாரும் இப்படிச் சம்மதிக்கமாட்டாங்க, அங்கை. இது வெளியில போச்சுன்னா, பாதிப் பேரு புள்ளையத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிருவாங்க. உனக்குத் தெரியாததில்ல."

"தெரியும்."

"நான் ஒண்ணு சொல்றேன். மலையிலெல்லாம் திருப்ப நிறுத்தச் சொல்லு. இப்பவே சொல்லு. பழைய மாதிரி ஒலிநோக்கி பாத்து நேரா விடுங்க, தடுத்தா எடுத்துருங்கன்னு சொல்லு. காரணம் எதுக்கு? நீ சொன்னா ஏன்னு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க."

அவன் கணக்கு சரியாகத்தான் இருந்தது. கேட்கமாட்டார்கள். அவள் திருப்பச் சொன்னபோதும் அவர்கள் கேட்கவில்லை. சொர்ணமும் கேட்கவில்லை. ஃபௌசியா மட்டும் நாள்கணக்கில் தயங்கி, பேருந்தேறி வந்து, கோபித்துக்கொள்ளாதீர்கள் என்ற முன்னுரையோடு கேட்டாள். அவளிடமும் உன் விரலில்தான் தவறு என்று தான் சொல்லியிருந்ததை அங்கயற்கண்ணி நினைத்துப் பார்த்தாள்.

"ஃபௌசியா" என்று அழைத்தாள். "உன் விரல்ல தப்பு இல்ல. அத முதல்ல உங்கிட்டச் சொல்லணும்."

ஃபௌசியா தோளில் மாட்டியிருந்த பையைக் கீழே இறக்கி வைத்தாள்.

அங்கயற்கண்ணி கையிலிருந்த பதிவுறையை வழுதியிடம் கொடுத்தாள். அவன் அதை வாங்கிக்கொண்டு, அவள் முகத்தில் எதையோ தேடினான்.

"மலைக்காரங்க எல்லாருக்கும் இன்னிக்கே சொல்லப்போறேன்" என்றாள். "காரணத்தோடதான் சொல்லுவேன். மன்றத்துக்கும் அதையேதான் சொல்லுவேன். உறையில என்ன இருக்குன்னு சொல்லுவேன், திருப்புன்னு ஒண்ணு கெடையாதுன்னு சொல்லுவேன். உங்க பேரையும் சொல்லுவேன்."